இருபத்தைந்து சாண்டிம்

ஐந்து குறிகள். இரண்டாவதும் ஐந்தாவதும் ஒன்றே. இப்போதைக்கு இவ்வளவுதான் தெரிகிறது, ஆனால் தெரியாத எழுத்தில் முதலில் தேட வேண்டியது திரும்ப வருவதைத்தான், திரும்ப வருவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், மனிதர்களும் அப்படித்தான். கரண்ட் போய்விட்டது. ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, காசை வெயிலில் மெல்லச் சாய்க்கிறேன். குறி ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் ஒரு கோடு, பல்லக்கில் ஏற்றி வைத்தது போல. சாய்த்தால் எழும்புகிறது, நிமிர்த்தினால் அமுங்குகிறது. ஒரு பக்கம் வாயைப் பிளந்த சிங்கத்தின் தலை. மறுபக்கம் கைகளைத் தூக்கி நிற்கும் ஓர் ஆணும் பெண்ணும், எதையோ வென்றுவிட்டது போல, அல்லது எதையோ பறிகொடுத்தது போல, கை தூக்கி நிற்பவர்களை வைத்து அதைச் சொல்ல முடியாது. எத்தியோப்பியா. அதில் சந்தேகம் இல்லை, வேறு எந்த நாட்டுக் காசிலும் இந்த எழுத்தை நான் பார்த்ததில்லை. சிங்கத்தின் பிடரிமயிர்க் கோடுகளுக்குள் மஞ்சள் ஏறி இறுகிப்போயிருக்கிறது. அம்மா உரசிய மஞ்சள். எங்கோ ஒரு மலைநாட்டுச் சிங்கம், சாத்தூரில் ஒரு சாமி மாடத்தில், மஞ்சள் பூசிக்கொண்டு இத்தனை வருடம் வாயைத் திறந்தபடியே இருந்திருக்கிறது, ஒரு சத்தமும் வராமல். அதன் அடியில் நாங்கள் பரீட்சைக்குத் திருநீறு பூசிக்கொண்டு போனோம். அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்தோம். போன வருடம் அம்மாவையும்.

காலையில்தான் அகப்பட்டது. அம்மாவின் தலைத்திவசம் போன வாரம் முடிந்தது, இனி மாடத்தைச் சுத்தம் பண்ணலாம் என்று அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். மாரியம்மன் படத்தைக் கழற்றியதும் பின்னால் ஆணியில் ஒரு சின்ன மஞ்சள் முடிச்சு தொங்கியது. நேர்ந்துகொண்டு காசு முடிந்து வைத்த முடிச்சு. தொட்டாள், துணி அப்பளம் போல நொறுங்கியது, காசு விழுந்து உருண்டு கிரைண்டருக்கு அடியில் போனது. அதைத் துடைப்பக் குச்சியால் வெளியே தள்ளியவர் அத்தான். "என்ன வடிவு, ஒங்கம்மா கெட்டிக்காரியா இருந்திருக்கா, அம்மனுக்கே செல்லாக்காசை முடிஞ்சு வச்சிருக்கா" என்றார். "வாயைக் கழுவுங்க" என்றாள் அக்கா. "ஏப்பா உண்டியல், இது ஒன் இலாகா, பாத்துச் சொல்லு" என்று என் உள்ளங்கையில் வைத்தார். அக்கா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். அப்பா அந்த நாட்டில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது கலவரம் வந்தது, மாதக்கணக்கில் கடிதம் வரவில்லை, அவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று அம்மா முடிந்திருப்பாள், அப்பா வந்ததும் செலுத்த மறந்திருப்பாள். "செலுத்தாத நேர்த்தி பிள்ளைகளைத்தான்டா சுத்தும். நாளைக்கு வெள்ளி. இருக்கன்குடிக்குப் போய் உண்டியல்ல போட்டுட்டு வந்துருவோம்." புது மஞ்சள் துணி வாங்க இப்போது அவள் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள், அத்தான் மாடியில் தூங்குகிறார், நான் வருடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்காத வருடத்தை. என்னால் ஒரு காசை வருடம் தெரியாமல் விட முடியாது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்கிறேன். அவ்வளவுதானா.

உண்டியல். ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது, தலை நரைத்துவிட்டது, இந்தப் பெயர் போகவில்லை. ஐந்து வயதில் நான் ஒரு காசை விழுங்கினேன். விழுங்கியது எனக்கு நினைவில்லை, விழுங்கினேன் என்று சொல்லப்பட்டது நினைவிருக்கிறது, இரண்டுக்கும் இப்போது வித்தியாசம் தெரியவில்லை. அப்பா கடைசியாக லீவில் வந்தபோது அந்த நாட்டின் புத்தம் புதுக் காசுகளைச் சின்னது பெரியதாக ஒரு வரிசை கொண்டுவந்திருந்தார், அதில் இருபத்தைந்து சாண்டிம், அந்த ஊர்க் காலணா, அது மட்டும் காணாமல் போனது, நான்தான் அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன், அன்று சாயங்காலமே வாந்தி, அனல் மாதிரி காய்ச்சல். வேறென்ன, காசு உள்ளே போய்விட்டது என்றார்கள். வாழைப்பழம் கொடுத்தார்கள். கீரையும் விளக்கெண்ணெயும் கொடுத்தார்கள். தெருவே வந்து பார்த்து, வெளியே வந்துவிடும், வெளியே வந்துவிடும் என்றது. இரண்டு நாள் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வலிப்பு வந்த பிறகு மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அது மூளைக்காய்ச்சல் என்றார் அங்கிருந்த டாக்டர். பிழைத்தேன். இடது காது போனது. காசு வரவே இல்லை. அப்பாவும் திரும்பப் போகவில்லை, அங்கே பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உள்ளூரில் டியூஷன் எடுத்தார். என்னைத் திட்டியதே இல்லை. எப்போதாவது, சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது, யாரிடமும் சொல்லாதது போல, "இருபத்தஞ்சு சாண்டிம்ல முடிஞ்ச உத்தியோகம்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் வயிற்றைத் தடவிக்கொள்வேன். இங்கே, தொப்புளுக்குக் கொஞ்சம் இடது பக்கம், அது இருந்தது. குனிந்தால் ஒரு விளிம்பு தட்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று பெரியவனான பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன், இருந்தும் தட்டியது. உலகத்தில் உள்ள மற்றக் காசுகளை எல்லாம் நான் சேர்க்க ஆரம்பித்தது அந்த ஒன்றை எடுத்துப் பார்க்க முடியாததால்தானோ என்னவோ.

ஒவ்வொரு நாட்டுக்கும் காலம் வேறு வேறு வாசலில் தொடங்குகிறது, அதுதான் என்னை இதில் பிடித்து வைத்திருப்பது. தாய்லாந்துக் காசு என்றால் புத்தரிலிருந்து எண்ண வேண்டும், ஐந்நூற்று நாற்பத்து மூன்றைக் கழிக்க வேண்டும். அரபுக் காசில் ஹிஜ்ரி, அது சந்திரனின் வருடம், நம் வருடத்தைவிடச் சின்னது, வெறுமே கழித்தால் தப்பாகிவிடும். ஜப்பான் காசில் பேரரசர் மாறினால் வருடம் மறுபடி ஒன்று. முதல் தடவை அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஒரு கிழவர் கண்ணை மூடினதும் ஒரு தேசமே முதல் வருடத்துக்குப் போய்விடுகிறது. எனக்கும் ஒன்று உண்டு. காது போன வருடத்திலிருந்து எண்ணுகிறேன். அதற்கு முன்னால் இருந்த ஐந்து வருடங்களில் உலகம் இரண்டு பக்கமும் இருந்திருக்க வேண்டும். பிறகு எல்லோரும் என் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பா, அக்கா, வாத்தியார்கள், அலுவலகத்தில் கூட. என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கட்டிலில் பக்கம் மாற்றிக்கொண்டாள். அம்மாவுக்கு மட்டும் மறந்துவிடும். சின்ன வயதில் என் இடது பக்கம்தான் வந்து படுப்பாள். நான் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது அந்தக் காதுக்குள் ஏதோ சொல்வாள். சொல் வராது, சூடு மட்டும் வரும், வெற்றிலை வாசனையோடு ஒரு சூடு, விட்டு விட்டு. அம்மா, இந்தப் பக்கம் கேக்காதும்மா என்று சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அந்தச் சூடு நன்றாக இருக்கும். சொல்லாமல் தூங்கிவிடுவேன்.

பத்து. முதல் குறி பத்து. போனில் வைத்திருக்கும் அட்டவணையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டாவது ஒன்பது, அப்படியானால் ஐந்தாவதும் ஒன்பது. மூன்றாவது நூறு. நான்காவது அறுபது. பத்து, ஒன்பது, நூறு, அறுபது, ஒன்பது. பூஜ்யம் கிடையாது, இடத்துக்கு மதிப்புக் கிடையாது, பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி. நம்முடைய பழைய எண்களும் இப்படித்தானே, பழைய பஞ்சாங்கத்தில் பக்கத்தின் தலையில் இருக்குமே, வாயால் சொல்கிற ஒழுங்கில், யாரோ பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதியது போல. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ, என்றைக்கோ, நம் ஆட்களைப் போலவே விரல் மடக்கியிருக்கிறார்கள். பத்தொன்பது நூறு, அறுபத்தொன்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. லென்ஸை மடியில் வைத்தேன். ஒரு பெருமூச்சு வந்தது, எதற்கு என்று எனக்குத் தெரியும், காசைக் கையில் வாங்கிய நொடியிலிருந்து ஒன்றை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். இது இருபத்தைந்து சாண்டிம். அந்த ஆணையும் பெண்ணையும் படங்களில் பார்த்திருக்கிறேன். காலையில் அத்தான் உள்ளங்கையில் வைத்ததுமே தொப்புளுக்கு இடது பக்கம் விளிம்பு தட்டியது. ஆனால் அறுபத்தொன்பது. அப்பா வேலைக்குப் போனதே எழுபத்திரண்டில், நான் பிறந்த வருடம். காணாமல் போனது புத்தம் புதுக் காசு, இது பழசு. இது வேறு. அக்கா சொன்னதுதான் சரி. அப்பா முன்னால் ஒரு லீவில் கொண்டுவந்த பழைய காசு ஒன்று வீட்டில் கிடந்திருக்கிறது, கலவரத்தின்போது அம்மா அதை எடுத்து முடிந்திருக்கிறாள், அவ்வளவுதான், எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம்.

எழுந்திருக்கவில்லை. ராஜா எங்கே? அறுபத்தொன்பதில் அந்த நாட்டில் ராஜா இருந்தார். காசில் அவர் முகம் இருக்க வேண்டும், தாடியோடு, செம்பில். என் பெட்டியிலேயே இரண்டு வைத்திருக்கிறேன். அவரை இறக்கியது எழுபத்து நான்கில், அதற்குப் பிறகுதானே சிங்கம் தனியாக வந்தது. ராஜா இல்லாத சிங்கம் எப்படி அறுபத்தொன்பதில் வாயைத் திறக்கும். வெயில் காசிலிருந்து தெறித்துச் சுவரில் ஒரு சின்ன வட்டமாக ஆடுகிறது. அப்பாவின் குரல் வருகிறது, வலக் காதில்தான் வருகிறது, "அங்க போனா எனக்கு ஏழு வயசு கொறைஞ்சு போகுதுல்ல, ஒங்கம்மாவுக்குத்தான் பொறாமை." எத்தனை தடவை கேட்ட வேடிக்கை. அந்த நாட்டுக் கணக்கு நம்முடையதற்கு ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுகிறது, அவர்களுக்குப் புது வருடம் செப்டம்பரில். எத்தனை பேருக்கு நானே கூட்டிச் சொல்லியிருக்கிறேன், எத்தியோப்பியா என்றால் ஏழோ எட்டோ கூட்டிக்கொள்ளுங்கள் சார் என்று. இன்றைக்கு மட்டும் மறந்துபோனேன். மறந்தேனா. அறுபத்தொன்பதோடு ஏழோ எட்டோ கூட்டினால் எழுபத்தாறு செப்டம்பரிலிருந்து எழுபத்தேழு செப்டம்பர் வரை. எழுபத்தேழு ஆடியில் அப்பா வந்தார், கடைசி லீவு. புத்தம் புதுசு. அந்த வரிசையில் ஒன்று. நான் விழுங்கியது.

விழுங்காதது. வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன். தட்டவில்லை. நாற்பத்தெட்டு வருடமாக எனக்குள் சுமந்துகொண்டிருந்த காசு எனக்குத் தலைக்கு மேல், படத்துக்குப் பின்னால், ஆணியில் தொங்கியிருக்கிறது. இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை, துக்கமாக இல்லை, மலை உச்சியில் திடீரென்று கொண்டுவந்து நிறுத்தியது போல இருக்கிறது. அப்பா வீட்டில் இருந்தபோது முடிந்த முடிச்சு இது. பக்கத்து அறையில் குறட்டை விட்டுத் தூங்கும் மனிதன் திரும்பி வர வேண்டும் என்று யாரும் நேர்ந்துகொள்வதில்லை. அப்படியென்றால் என்ன கேட்டிருப்பாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, புரட்டாசி பிறப்பதற்குள் கப்பலோ விமானமோ, மறுபடி பத்து மாதம், கலவர நாடு, கடிதம் வராத வீடு. நம் காசு நாலணா எட்டணா அரிசிப் பானையில் கிடந்திருக்கும், அதை எடுக்கவில்லை, அந்த நாட்டுக் காசை எடுத்தாள், அந்த நாட்டையே முடிந்துவிட்டாள். ஆத்தா, இவரை அங்கே போகவிடாதே. அத்தானுக்கு என்ன தெரியும், செல்லாக்காசாம், இதைவிட எந்தக் காசு செல்லும். அம்மன் உடனே கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே. யாருடைய வேண்டுதலையும் அவ்வளவு சீக்கிரம் கேட்டிருக்க மாட்டாள். அப்புறம் அந்த இரண்டு நாள். எல்லோரும் காசு விழுங்கிவிட்டான் என்கிறார்கள், பழத்தை உரித்து உரித்து வாயில் திணிக்கிறார்கள், உடம்பு கொதிக்கிறது, காசு எங்கே இருக்கிறது என்று அவள் ஒருத்திக்குத் தெரியும். நேர்ந்ததை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். சொன்னால் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பது, நீங்கள் போகக் கூடாது என்று அம்மன் காலில் உங்களைக் கட்டிப்போட்டேன் என்று எப்படிச் சொல்வது. பலித்ததே இந்தக் காய்ச்சலாகத்தான் என்று எந்த நொடியில் அவளுக்கு உறைத்திருக்கும். எனக்காக நேர்ந்ததை எல்லாம் அவள் அடுத்த ஆடியிலேயே செலுத்திவிட்டாள், எனக்கு நினைவிருக்கிறது, அக்கினிச்சட்டி, மொட்டை, ஈரச் சேலையோடு பிராகாரத்தில் உருண்டாள். மறக்கிறவள் இல்லை. இதை மட்டும் செலுத்தவில்லை. எப்படிச் செலுத்துவாள், நன்றி என்று சொல்லிப் போட்டால் என் காதுக்கும் சேர்த்தல்லவா நன்றி. அவிழ்க்கவும் முடியாது, கேட்டதைத் திரும்பக் கொடுப்பது எப்படி. அப்படியே தொங்கவிட்டு, அதன் முன்னால் தினமும் விளக்கேற்றியிருக்கிறாள். நான் உண்டியல் என்று கூப்பிடப்படுவதைக் கேட்டுக்கொண்டே. அல்லது இதெல்லாம் என் கற்பனையா. ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் மனசைப் படிக்க நான் யார். காசில் வருடம்தான் இருக்கிறது. அது எப்போது பிறந்தது என்று சொல்லும், யார் கையில் எப்படிச் சுட்டது என்று சொல்லாது.

செருப்புச் சத்தம். அக்கா வந்துவிட்டாள். கையில் மஞ்சள் துணி, பூ, தேங்காய். "கரண்ட் இன்னும் வரலையா, வேர்த்து ஊத்துதே ஒனக்கு" என்றபடி சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து நின்றாள். "என்னடா, வருசம் வந்துருச்சா?" எழுபத்தேழு என்றேன். "நல்லது" என்று துணியைப் பிரித்தாள், பாதியில் கை நின்றது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. என் முகத்தைப் பார்த்தாள், காசைப் பார்த்தாள். "எழுவத்தேழுக் காசுன்னா, அது வந்தப்ப அப்பா வீட்லல்ல இருந்தாரு." ஆமா. "இருபத்தஞ்சா?" ஆமா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், தேங்காய் உருண்டு போனது, இரண்டு பேரும் அதைப் பிடிக்கவில்லை. மடியில் கிடந்த மஞ்சள் துணியை நீவிக்கொண்டே பேசினாள். "எல்லாரும் பழத்தை ஊட்டுறாங்க. அம்மா மட்டும் மூலையில உக்காந்துக்கிட்டு, அவன் முழுங்கல, அவன் முழுங்கலன்னு அழுதுக்கிட்டே இருந்தாடா. ஒனக்கு எப்படித் தெரியும்னு அப்பா கேட்டாரு. வாயத் தெறக்கல. பெத்தவ மனசு அப்படித்தான் சொல்லும்னு ஆச்சிமார்லாம் சொன்னாங்க. மூணாம் நாள் அவதான் ஒன்னைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினா. செருப்புகூடப் போடல."

நான் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்கம், மனிதர்கள், சிங்கம், மனிதர்கள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அக்கா, அம்மா சின்னதுல என் எடப்பக்கம் படுத்து ஏதோ பேசுவாளே. அந்தக் காது போச்சுங்கிறது அவளுக்கு மறந்துரும் போல." அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டாள். "மறக்கவா. நானே ஒருநாள் சொன்னேன்டா. அம்மா, அந்தக் காதுல அவனுக்குக் கேக்காதும்மா, இந்தப் பக்கம் வான்னு." "என்ன சொன்னா?" "தெரியும்டின்னா."

மாடியில் அத்தான் இருமுகிறார். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துப் பார்க்கிறார்கள். அக்கா துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்தாள். நான் பிடரியில் இருந்த பழைய மஞ்சளைத் துடைக்காமல் காசை அதில் வைத்தேன். "இதை நாம செலுத்தணுமாடா?" என்று பயந்த குரலில் கேட்டாள், "என்னன்னு சொல்லிச் செலுத்துறது?" செலுத்துவோம், அம்மா கேட்டது கிடைத்துவிட்டது, யாருக்கும் குறையில்லை என்று சொல்லிப் போடுவோம் என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது, அல்லது இனி அதை உண்மையாக்க வேண்டும் என்று. "முடியும்போது மனசுக்குள்ள சொல்லணும்" என்றாள் அக்கா. "வாய்விட்டே சொல்லு" என்றேன், "ஆனா இந்தப் பக்கம் வா." இடது பக்கம் ஸ்டூலின் ஓரத்தைத் தட்டிக் காட்டினேன். தரையிலிருந்து எழுந்தாள். பிறகு சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, குனிந்து, முடிச்சை இறுக்கத் தொடங்கினாள். கழுத்தோரம் விட்டு விட்டுச் சூடு பட்டது. நான் திரும்பவில்லை.